நாற்று வேறு, முளைப்பாரி வேறு

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். உன் அப்பாவும் நலம். அவருடைய முழங்கால் மழைக்கு ஒருநாள் முன்னதாகவே வலிக்கத் தொடங்கிவிடுவதால் எங்களுக்கு வானிலை அறிக்கை தேவைப்படுவதில்லை. கோமதி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்டிருந்தால் அதையும் இந்த வரியிலேயே சேர்த்து எழுதியிருப்பேன். நீ கேட்கவில்லை. போன் போட்டால் "சாப்பிட்டியாம்மா" என்கிறாய், "அப்பாவுக்கு மாத்திரை இருக்கா" என்கிறாய், வைக்கப் போகிற நேரத்தில் "அவ எப்ப வாராளாம்" என்று யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்கிறாய். புருசனோடு மனத்தாங்கல் என்றால் பெண்கள் பிறந்த வீட்டுக்குத்தான் போவார்கள். உன் பெண்டாட்டி மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இப்படி ஓர் அதிசயம் இந்த ஜில்லாவில் வேறெங்கும் நடந்திருக்காது. என்னை நம்பி வந்தவளுக்காக நான் இந்தக் கடிதத்தை ஒழுங்காக எழுதியாக வேண்டும்.

போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் திரும்ப எடுக்கும்போது விட்ட வரி அங்கேயே நிற்கும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ராசா. பாசம் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்.

அவள் வந்தது புரட்டாசிக் கடைசியில். புறவாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பையோடு வந்து நின்றாள். "என்னட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க?" என்றேன். "சும்மாதான் அத்தை" என்றாள். சும்மா வருகிறவள் முகம் எனக்குத் தெரியாதா? சோறு போட்டேன், சாப்பிட்டாள். பாய் விரித்தேன், படுத்தாள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் கத்தரிக்காய் நறுக்கும்போது, உங்க அம்மா வீட்டுக்கு ஏன் போகல என்று கேட்டேன். "எங்க அம்மா கேட்டா அழுவா, அத்தை. நீங்க கேட்டா ஏசுவிய. எனக்கு யாராச்சும் ஏசுனா தேவலன்னு இருந்துச்சு" என்றாள். யாரை ஏச வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

ஆகையால் முப்பிடாதியைக் கூப்பிட்டேன். உன் நாற்றங்காலில் விதை போடுகிற குழித்தட்டுகளுக்கு மண் நிரப்புகிற முப்பிடாதிக்கும் எனக்கும் போன் பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள். அவளைக் கோபிக்காதே, கேட்டது நான். "எக்கா, கோளு சொல்லுதேன்னு நெனைக்காதிய" என்று தொடங்கியவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள், அவளுக்குத் தம்பி என்றால் நீதான். "தக்காளியும் மிளகாயும் ஒரே நாளுல போட்டு, தட்டையெல்லாம் ஒண்ணா அடுக்கி, தார்ப்பாயப் போட்டு மூடுனோம். கோமதி ஓரத்தத் தூக்கிப் பாத்துட்டு, தக்காளி தலைய நீட்டுது, தொறந்துருவமான்னு கேட்டா. தம்பி தொறக்காதன்னுட்டாவ. மிளகாயும் வரட்டும், எங்க அம்மா முளைப்பாரி வைக்கையில யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாவன்னு சொன்னாவ. அவ அடுத்த நாளும் கேட்டா. தம்பி கேக்கல."

நீ கடைசியில் திறந்தபோது தக்காளி எல்லாம் வெளுத்து, நூல்போல நீண்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததாம். மிளகாய் அப்போதுதான் கழுத்தை வளைத்து மண்ணுக்குமேல் எட்டிப் பார்த்திருக்கிறது. அதையாவது காப்பாற்றியிருக்கலாம். நீ கோபத்தில் எல்லாத் தட்டையும் இழுத்து உச்சி வெயிலில் போட்டு, குழாயைத் திறந்து பீய்ச்சி அடித்திருக்கிறாய். சாயங்காலத்துக்குள் மிளகாயும் போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது போகட்டும். நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்த விவசாயிகள் வந்து நிற்க, வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பார்த்திருக்க, நீ கோமதியைப் பார்த்து, "ராசியில்லாத கை. நீ தொட்டு எது வெளங்கியிருக்கு" என்று சொல்லியிருக்கிறாய். அதைச் சொல்லும்போது மட்டும் முப்பிடாதியின் குரல் இறங்கிவிட்டது.

அந்தச் சொல் உனக்குப் புதிதில்லை. போன வருசம் அவள் வயிற்றில் தங்கியது தங்காமல் போனபோது, கல்யாண வீட்டுப் பந்தியில் உன் பெரியம்மா இதே சொல்லைத்தான் சொன்னாள். "ராசியில்லாத கை, நல்ல காரியத்துல முன்னால விடாதிய" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். நீ இலையில் கை வைத்திருந்தவன் அப்படியே எழுந்தாய். "பெரியம்மா, இந்தச் சொல்லு இன்னொரு தரம் வந்துச்சுன்னா நான் உங்க வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோமதியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாய். எனக்கு அன்று சங்கடமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் அதிகம், அதை உன்னிடம் சொல்லாமலேயே விட்டுவிட்டேன். இப்போது இங்கே வந்தபிறகு கோமதி ஒருநாள் சொன்னாள்: "அன்னைக்கி அவிய எந்திச்சாவ பாத்தியளா, அதுலதான் அத்தை நானும் எந்திச்சேன். இல்லன்னா படுத்த படுக்கையாத்தான் கெடந்திருப்பேன்." அந்தச் சொல் அவள் பக்கம் வராமல் காவல் நின்றவன் நீ. நீயே அதை எடுத்து அவள்மேல் எறிந்தால் அவள் யார் பின்னால் போய் ஒளிவாள்?

இனி முளைப்பாரி விசயத்துக்கு வருகிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. தெருவில் அம்மன் கொடைத் திருவிழா வந்தால், சட்டியில் பயறு முளைக்கவைத்த பாரிகளில் என் பாரிதான் எல்லாவற்றிலும் உயரம் என்று பெயர். கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒருவரையும் உள்ளே விடாமல் வளர்ப்பேன். நீ சின்னதாக இருக்கையில் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்து என்னிடம் குட்டு வாங்கியிருக்கிறாய். "தொறந்தா அம்மன் கோவிச்சுக்கிடுவா" என்று உனக்குச் சொல்லி வைத்தவள் நான்தான். ஆனால் அந்தப் பாரி ஏன் அத்தனை உயரம் வளர்ந்தது என்று நீ யோசித்திருக்க வேண்டாமா? வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடித் தேடி, உள்ளே இருந்த சத்தையெல்லாம் கரைத்து நீண்டது அது. மஞ்சளாக, மினுமினுவென்று, பார்க்க அத்தனை அழகு. குலவை போட்டு, கும்மியடித்து, ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய் தாமிரபரணியில் கரைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதற்கு வேர் பிடிக்க வேண்டாம், வெயில் தாங்க வேண்டாம், காய்க்க வேண்டாம். உன்னிடம் நாற்று வாங்குகிற முக்கூடல் விவசாயி அதை ஆற்றில் கரைக்கவா கொண்டுபோகிறான்?

படித்த பிள்ளை நீ, உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் அடுப்படி பாசையில் ஒருமுறை கேட்டுக்கொள். விதை கண் விழிக்கும்வரை அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் கொஞ்சம் மூச்சுக்காற்றும் போதும். இந்த விதைகளுக்கு அதுவரை வெளிச்சம் வேண்டாம். விதைக்குள்ளேயே அதற்குக் கட்டுச்சோறு இருக்கிறது. அதனால்தான் தட்டுகளை அடுக்கி மூடுகிறோம். முளை வெளியே தலையை நீட்டியவுடன் அந்தக் கட்டுச்சோறு தீர்ந்துபோகிறது. அதன்பிறகு வெளிச்சம்தான் சாப்பாடு. அந்த நேரம் பார்த்து மூடியை எடுக்க வேண்டும், அதுவும் பையப் பைய, காலை வெயிலில் தொடங்கி. தக்காளி முந்தும், மிளகாய் பிந்தும். அதன் பிறவி அப்படி. இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து, பிந்துவதற்காக முந்தியதை இருட்டில் காக்க வைத்தால் முந்தியது கெடும். முந்தியது கெட்டுவிட்டதே என்று பிந்தியதை வெயிலில் போட்டு அடித்தால் அதுவும் கெடும். இதில் கோமதியின் கை எங்கே வந்தது? திறக்கலாமா என்று இரண்டு நாளும் கேட்ட வாய்தான் அவளுடையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இங்கே வந்தபிறகு அவள் எதையும் விதைக்க மாட்டேன் என்று இருந்தாள். புறவாசலில் கீரை விதை தூவச் சொன்னேன், "நீங்க தூவுங்க அத்தை" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொத்தமல்லியைத் தேய்த்துக் கொடுப்பாள், மண்ணில் போட மாட்டாள். ஊறப்போட்ட பச்சைப்பயற்றைத் துணியில் முடியச் சொன்னால்கூட என் முகத்தைப் பார்த்தாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அதில் என்னவோ ஒட்டியிருக்கிறமாதிரி.

அவள் கைப்பையில் அன்று விதைத்து மீந்த பொட்டலங்கள் கிடந்தன. அதே தக்காளி, அதே மிளகாய். ஒருநாள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, "ஏட்டி, என் கையெல்லாம் மாவு. அந்த விதையில கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில வச்சு மடி" என்றேன். தயங்கினாள். "மாமாவக் கூப்பிடட்டுமா" என்றாள். "அவரு டிக்கெட்டு கிழிச்ச கை, விதை அதுக்கு ஒத்து வராது. நீ போடு" என்றேன். வேறு வழியில்லாமல் போட்டாள். அடுப்புக்குப் பின்னால் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தோம். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், இதையெல்லாம் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தக்காளி முதலில் வேர் விட்டது. மிளகாய் வரவில்லை. அவள் விடிந்தவுடன் வந்து மடிப்பைப் பிரித்துப் பார்ப்பாள், திரும்ப மூடுவாள், முகம் விழுந்துவிடும். எனக்கே உள்ளுக்குள் பயம்தான். பழைய விதையாக இருந்து வராமல் போனால் நான் அல்லவா அவளை இன்னும் குழியில் தள்ளினவள் ஆவேன்? அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், பொய் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் அடுப்படியிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் துணியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "கிட்டத்தட்ட எல்லாமே விட்டுருக்கு, அத்தை" என்றாள். விதைக்கு விதை வெள்ளையாக ஊசிமுனைபோல வேர். "விதையும் நல்லாருக்கு, கையும் நல்லாருக்கு. பெறவு என்ன?" என்றேன். அவள் துணியைத் திரும்ப மடித்துக்கொண்டே, "துணியில வரும் அத்தை. மண்ணுல வரணும்லா" என்றாள்.

சரி, மண்ணிலும் பார்த்துவிடுவோம் என்று உன் அப்பா அம்பாசமுத்திரம் போய்க் குழித்தட்டுகள் வாங்கி வந்தார். அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அவள்தான். தென்னைநார்த் தூளை ஊறவைத்து, உப்புப் போகும்வரை அலசி அலசிப் பிழிந்தாள். நீ அவசரத்தில் அலசாமல் போட்டுவிடுவாய் என்றும் சொன்னாள். கோள் இல்லை, கேட்டதற்குச் சொன்னது. மட்கிய சாணத்தைச் சலித்துச் சேர்த்தாள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்தப் பதம். விதை எவ்வளவு பருமனோ அதைப்போல இரண்டு மடங்கு ஆழம், அதற்குமேல் புதைத்தால் முளைக்கு மேலே வரத் திராணி இருக்காது. தக்காளியைத் தனியாக அடுக்கினாள், மிளகாயைத் தனியாக அடுக்கினாள், ஈரச்சாக்கைப் போட்டு நிழலில் மூடினாள். தக்காளி தலை நீட்டிய அன்றே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அந்தச் சாக்கை எடுத்துவிட்டாள். கேட்காமல் எடுத்தாளே, அந்த நேரம் எனக்கு உண்டான சந்தோசத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மிளகாய் தன் நேரத்துக்கு வந்தது. யாரும் அதை அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் காலையில்தான், பூவாளியில்தான். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் தண்டு ஈரத்தில் நின்று அழுகிப்போகும். உச்சி வெயிலுக்கு என் பழைய சேலையைக் கட்டி நிழல் போட்டாள். இன்னொன்று செய்கிறாள், அதை நீ அவசியம் கேட்க வேண்டும். காலையில் பனி உலர்ந்தபிறகு, உள்ளங்கையை விரித்து, தக்காளி நாற்றின் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் தடவிவிடுகிறாள். குழந்தைக்குத் தலை வாரிவிடுவதுபோல இருக்கும். "இது என்னட்டி கூத்து" என்றேன். போனில் பார்த்தாளாம். காற்றுப் படாத இடத்தில் வளர்கிற நாற்று அசைவே இல்லாமல் நெடுநெடுவென்று போய்விடுமாம். இப்படித் தினமும் தடவிக்கொடுத்தால் அது நீளாமல் குட்டையாக நின்று, தண்டு உரம் பிடிக்குமாம். நான் நம்பவில்லை. நம்பாதவளுக்காக ஒரு தட்டைத் தொடாமல் தனியாக வைத்தாள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமலே வித்தியாசம் தெரிகிறது. அவள் கை பட்ட நாற்றுதான் உரமாக நிற்கிறது, ராசா. ராசி இல்லாத கை என்று நீ சொன்ன கை.

அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா? இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற ஆசை எனக்கும் இருக்கிறது. வந்தால் கொஞ்சுவேன், வராவிட்டால் உங்களையே கொஞ்சிக்கொண்டு போய்ச்சேருவேன். அதற்கும் அவள் கைக்கும், அதற்கும் தட்டில் முளைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் அவளிடம் நேராகவே சொன்னேன். அவள் அழுதாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அன்றுதான் அழுதாள், நானும் கூட உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார், சீனிக்குப் பதில் உப்பு போடாமல் இருந்ததே பெரிய காரியம்.

அவரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான முதல் வருசம் கொடைக்கு நான் முளைப்பாரி வைத்தேன். புதுப்பெண்ணின் பாரியைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில், வளரட்டும் வளரட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றிப் பயறெல்லாம் அழுகிப்போயிற்று. கோயில் முன்னால் மற்றவர்கள் பாரி முழ உயரத்தில் நிற்க, என் சட்டியில் அங்கொன்று இங்கொன்று. "புதுப்பொண்ணு கை எப்படின்னு அம்மனே காட்டிட்டா" என்றாள் ஒருத்தி. எனக்கு ஆற்றில் பாரிக்குப் பதிலாக நானே இறங்கிவிடலாம் போலிருந்தது. கொட்டு அடிக்கிறவர்கள் பக்கத்தில் நின்ற உன் அப்பா விறுவிறுவென்று வந்தார். "அவ கையில ஒண்ணுமில்ல. நாந்தான் அவ அசந்த நேரமாப் பாத்து செம்பு செம்பா தண்ணிய ஊத்திட்டேன். ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க" என்றார். முழுப் பொய். ஆண்கள் அந்த அறைப்பக்கம் வரவே கூடாது, அவர் வந்ததும் இல்லை. ஊரே சிரித்தது. அதன்பிறகு எத்தனையோ வருசம் அவர் பேருந்தில் ஏறுகிறவர்கள், "முளைப்பாரி கண்டக்டரே, ஒரு டிக்கெட்டு" என்றுதான் கேட்டார்கள். அவரும் கிழித்துக் கொடுத்தார். இன்றுவரை அது பொய் என்று யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உன் அப்பா செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நீ செய்த தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டால் போதும். எவ்வளவு லேசான வேலை பார்.

நேற்று தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோமதியிடம் கேட்டேன். "தக்காளி நடவுக்கு வந்துட்டு. இனி அவனுக்கு நான் எழுதுதேன். வந்து உன்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?" பூவாளியைக் கீழே வைத்தாள். "கூட்டிட்டுப் போக வரவேண்டாம் அத்தை. எனக்கு பஸ்ஸு தெரியும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இங்கன வந்து உங்க முன்னாலயும் மாமா முன்னாலயும் தப்புன்னு சொல்லிருவாவ. அது லேசு. எங்க வச்சுச் சொன்னாவளோ அங்கன வச்சுச் சொல்லட்டும். முப்பிடாதி அக்காளும் மத்தவியளும் நிக்கையில சொல்லட்டும். நாளைக்கி நான் அவிய மத்தியில போய் விதை போடணும்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகச் சொன்னாள். அவள் கேட்டதில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

சென்னை வேலையை விட்டுவிட்டு முக்கூடலுக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நாற்று வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் கேட்கவில்லை. உன்னோடு தார்ப்பாயும் கம்பும் தூக்கினாள். அது உன்னுடைய நாற்றங்கால் மட்டும் இல்லை. நீ சொல்லாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். இந்த வீட்டில் அவளுக்கு இடம் எப்போதும் உண்டு, புறவாசலில் நாற்றுக்கும் இடம் உண்டு. அப்படி நடந்தால் நான் உன்னை வெறுத்துவிட மாட்டேன், பெற்றவளால் அது முடியாது. ஆனால் உன் அப்பா பேச்சை எடுக்காமல் இருந்தாரே, அதுமாதிரி நான் இருக்க மாட்டேன். பார்க்கிறபோதெல்லாம் கேட்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உன் அப்பா கையில் கொடுத்து அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. முப்பிடாதியும் மற்றவர்களும் வேலைக்கு வந்து, தட்டு நிரப்ப உட்கார்ந்தபிறகு உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வாசிக்கும்வரை அவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நீ அவர்கள் முன்னால் சொல்லப்போவதைக் கேட்க, கோமதி இங்கே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார், ஐயா. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அம்மா